ஞாயிறு திறக்கும் டப்பா

மகள் ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த அன்றே அப்பா கல்லூரி நுழைவுத் தேர்வுக்குக் கச்சை கட்டிவிட்டார். தேர்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. அவர் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். அவர் விசில் ஊதாமல் ஒரு வண்டி நகராது. இரண்டு நிமிடம் பிந்தி வரும் ஓட்டுநரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் சும்மா இருப்பாரா? கூடத்துச் சுவரில் நான்கு வருட அட்டவணை ஏறியது. பல் துலக்க மூன்று நிமிடம். கொட்டாவிக்கு ஒதுக்கீடு இல்லை.

மகளுக்கும் கால்நடை மருத்துவம் படிக்க உண்மையாகவே ஆசை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

பேச்சுதான் படிப்புக்கு எமன் என்று கண்டுபிடித்தவரும் அப்பாதான். பணிமனையில் பயணிகளுக்கு ஒரு புகார்ப் பெட்டி உண்டு. மாதம் ஒருமுறை திறப்பார்கள், படிப்பார்கள், பூட்டிவிடுவார்கள். அந்த மகத்தான ஏற்பாட்டை வீட்டுக்கும் கொண்டுவந்தார். காலி பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஒரு கீறல் போட்டார். பாடம் தவிர எதுவானாலும் சீட்டில் எழுதி, தேதியிட்டு, உள்ளே போட வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறப்பு. இடையில் யாராவது வாயைத் திறந்தால் அவர் விரல் டப்பாவைக் காட்டும். ‘குழாய் ஒழுகுகிறது’ என்று அம்மா மூன்று ஞாயிறாக எழுதிப் போட்டிருந்தாள். குழாயும் சளைக்காமல் ஒழுகிக்கொண்டிருந்தது.

கடைசி வருடம், ஒரு திங்கட்கிழமை, பள்ளியில் அறிவித்தார்கள். நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் வழக்கம்போல் மாதக் கடைசி இல்லையாம். வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணியாம். பெற்றோர்தான் கைப்பேசியில் விண்ணப்பிக்க வேண்டும். மகள் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தாள்.

“அப்பா, அப்ளிகேஷன் விஷயமா...”

விரல் நீண்டது. சனிக்கிழமை ஐந்து மணிதான் கடைசி என்று எழுதிப் போட்டாள். புதன்கிழமையும் அதே கதைதான். வெள்ளிக்கிழமைச் சீட்டில் இரண்டு அடிக்கோடு போட்டாள். மனசு கேட்காமல் அம்மாவிடமும் சொன்னாள். ஆலை ஷிஃப்டுக்குப் போக அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள் அம்மா.

“உங்கப்பாவா தேதிய விடுவாரு? எப்பவோ போட்டிருப்பாரு. நீ போய்ப் படி.”

மகளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அத்தனை வண்டிக்கும் நேரம் சொல்கிற மனிதர். வேலையை முடித்துவிட்டதால்தான் இவ்வளவு தெம்பாக டப்பாவைக் காட்டுகிறார் என்று நம்பினாள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு நிம்மதியாக எலும்புகளின் பெயர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு பத்து மணிக்கு அப்பா டப்பாவைத் திறந்தார். முதலில் குழாய் வந்தது. பார்க்கலாம் என்று ஒதுக்கினார். பிறகு மகளின் சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றைப் படித்ததும் அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. சுவரைப் பார்த்தார். ‘மாதக் கடைசி’ என்று நான்கு வருடத்துக்கு முன்பு சிவப்பு மையில் அவரே எழுதியிருந்தார். கைப்பேசியில் தேடினார். விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது என்று ஒரே ஒரு வரி இருந்தது.

“நீங்க போடலியாப்பா?”

எந்த ஓட்டுநருக்கும் இரண்டு நிமிடம் விட்டுக்கொடுக்காதவர் பதினேழு மணி நேரம் பிந்தியிருந்தார். நான்கு வருட உழைப்பு வீணாய்ப் போனது. ஆனால் மகள் அழவில்லை. மேசைக்குப் போய்ப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தாள்.

அப்பா பின்னாலேயே போய் நின்றார். அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை.

“கண்ணு, அப்பா சொல்றத ஒரு நிமிஷம் கேளும்மா...”

அவள் நிமிரவில்லை. விரல் மட்டும் நீண்டு டப்பாவைக் காட்டியது.

அப்பா நோட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து, தேதியிட்டு, ஏதோ எழுதி மடித்து உள்ளே போட்டார். அதைத் திறக்க இன்னும் ஏழு நாள் இருந்தது.