வேகவைத்த ரோஜா

வெலிச்கா டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ரோஜா எண்ணெய் ஆலையின் கதவு பூட்டியிருந்தது. ரோஜா பறிக்கும் காலத்தில் அது பூட்டிக்கிடந்து அவள் பார்த்ததில்லை.

எண்ணெய் வடித்த பிறகு மிஞ்சும் இதழ்ச் சக்கையை முன்பெல்லாம் ஓடையில்தான் கொட்டுவார்கள். தண்ணீர் கறுத்து நாறும். அந்தச் சக்கையோடு வைக்கோலும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து உரமாக்க ஊர் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது வெலிச்காதான். போன வருஷம் சோதனைக் குவியல் நன்றாக வந்தது. அதை நம்பி இந்த வருஷம் ஒருவரும் உரமூட்டை வாங்கவில்லை. வைக்கோலும் புழுக்கையும் வீட்டுக்கு வீடு குவிந்திருந்தன. சக்கை வர வேண்டியதுதான் பாக்கி.

ஆலை முதலாளி போன்சோ கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அவள் கல்யாணத்தில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்ற கூம் அவர். தகப்பனுக்குச் சமமான உறவு.

"கூமே, சக்கை ஏத்த வந்திருக்கேன்."

"இனிமே கிடையாதும்மா. நகரத்துக் கம்பெனி ஒண்ணு வந்திருக்கு. இங்கயே உரமாக்கி மூட்டை கட்டப்போறோம். நீ சொல்லிக்குடுத்த முறைதான். உனக்குப் பெருமைதானே?"

"எல்லாத்தையும் ஊருக்குத் தர்றேன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். எழுதியா குடுத்தேன்?"

இந்தப் பள்ளத்தாக்கில் கூமிடம் எழுதி வாங்குவது அவரை முகத்தில் அறைவது மாதிரி. ஈரம், சூடு, புரட்டும் நாள் என்று எல்லாவற்றையும் திட்டமிட்டவள் இதை யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தாலும் கேட்டிருப்பாளா என்பது அவளுக்கே சந்தேகம்தான்.

மாலையில் மதுக்கடை வாசலில் விவசாயிகளிடம் சொன்னாள்.

"அப்போ என் செடிக்கு எதைப் போடறது? உன் பாடத்தையா?" என்றாள் கானா. எல்லாரும் சிரித்தார்கள்.

"சேர்ந்து போய்க் கேப்போம், வாங்க."

சிரிப்பு நின்றது.

"எனக்கும் அவருதான்டி கூம்," என்றாள் கானா. "என் புள்ளையோட ஞானஸ்நானத்துல ஞானத் தகப்பனா நின்னவரு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர்கிட்டப் போய் நிப்பேன்?"

மற்றவர்களுக்கும் அவரோடு அப்படி ஏதாவது ஓர் உறவு இருந்தது. வெலிச்கா சுற்றிலும் பார்த்தாள். "மின்கோ எங்க?"

"ஆலையில வேலைக்குச் சேந்துட்டான்," என்றாள் கானா, கிளாஸைப் பார்த்தபடி.

மின்கோ அவள் நடத்திய உர வகுப்பில் முன்வரிசைக்காரன். அவனைப்போல் சந்தேகம் கேட்டவர் யாருமில்லை.

மறுநாள் அவள் தனியாகவே ஆலைக்குப் போனாள். கதவை மின்கோதான் திறந்துவிட்டான். முற்றத்தில் ஈரச் சக்கை மலைபோல் கிடந்தது. அங்கங்கே ஒன்றிரண்டு பிடி வைக்கோல்தான் தெரிந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்கக்கா. சூடே ஏறமாட்டேங்குது. நாத்தம் வேற. எங்க தப்பு?"

வெலிச்கா குவியலுக்குள் கையை விட்டாள். உள்ளே சில்லென்று வழவழத்தது. வைக்கோல் போதாமல் ஈரம் மிஞ்சிவிட்டது என்று உடனே தெரிந்தது.

"கம்பெனி விஷயம் உனக்கு எப்போ தெரியும்?"

"ஈஸ்டருக்கு முன்னாடியே."

"அப்போ வகுப்புல கேட்ட சந்தேகமெல்லாம்?"

"கூம் கேட்டுட்டு வரச் சொன்னாருக்கா. கோவிச்சுக்காதீங்க."

அவள் கையைக் கால்சட்டையில் துடைத்தாள். "பாதிச் சக்கை ஊருக்கு வரட்டும். அப்புறம் சொல்றேன்."

"அவரு ஒத்துக்கவே மாட்டாரு."

"அப்போ அழுகட்டும்."

எந்தக் குவியலைப் பற்றியும் அவள் அப்படிச் சொன்னதில்லை. சொன்ன பிறகும் அங்கேயே நின்றாள். அவன் போய்க் கேட்டாவது பார்ப்பான் என்று நினைத்தாள். மின்கோ போன்சோவின் ஜன்னலை ஒருமுறை பார்த்தான். பிறகு மண்வெட்டியை எடுத்து, குவியலின்மேல் இன்னும் சக்கையை வாரிப் போட ஆரம்பித்தான்.