வெள்ளையடிக்கும் வீடு

கூம் வுகாஷின் பிடித்துக் கொடுத்த அறை என்பதால் ராடோயேவுக்கு அந்த ஹோட்டலில் எல்லாமே பிடித்துப்போயிற்று. பெல்கிரேடு முடிந்து லாரிகள் திரும்பும் ரவுண்டானாவில் நின்றது அந்த மூன்றுமாடிக் கட்டடம். ஜன்னலைத் திறந்தால் டீசல் வாடை, மூடினால் ஈரக் கம்பள வாடை. "ரெண்டு சோப்பு வச்சிருக்கான் பாரு," என்று மனைவி தேசாங்காவிடம் காட்டினான். அவள் கட்டிலை அழுத்திப் பார்த்தாள். கூம் இதில் ஒரு ராத்திரி படுத்திருந்தால் தெரியும் என்றாள். கூமைப் பற்றி அப்படிப் பேசாதே என்று ராடோயே அதட்டினான்.

அதட்டாமல் என்ன செய்வான்? கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சாட்சியாக நிற்பவன் கூம், பிறந்த பிள்ளையை ஞானஸ்நானத்தில் ஏந்துபவன் கூம். கூடப்பிறந்தவனோடு கட்டிப்புரண்டு சண்டை போடலாம், கூமிடம் குரலை உயர்த்தக் கூடாது. வுகாஷினின் தாத்தா ராடோயேவின் தாத்தாவுக்கு நின்றார், அப்பா அப்பாவுக்கு. வுகாஷின் ராடோயேவுக்கு நின்றான், ராடோயேவின் மகன் ஓப்ரெனையும் ஏந்தினான். பிப்ரவரியில் ஓப்ரெனுக்குக் கல்யாணம். அதற்கும் வுகாஷின்தான் நிற்க வேண்டும். ஆனால் போனில் சொல்லி முடிக்கிற காரியமா இது? மரக்குடுவையில் பிளம் சாராயம் நிரப்பிக்கொண்டு வீட்டுக்கே போய் நீட்ட வேண்டும். கூம் ஒரு வாய் குடித்தால்தான் சம்மதம். ஓப்ரெனே குடுவையின் கழுத்தில் சிவப்பு நாடாவைச் சுற்றி, கோணல்மாணலாக முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தான்.

அன்று புனித நிக்கோலாஸ் நாள், வுகாஷின் வீட்டு ஸ்லாவா. குடும்பத்துப் புனிதரைக் கொண்டாடும் அந்த நாளில் யாரும் யாரையும் அழைப்பதில்லை, தெரிந்தவர்கள் தாமாக வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். குடுவை நீட்ட அதைவிட நல்ல நாள் ஏது? ஆனால் முந்தின வாரம் போன் செய்தபோது, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், சாமானெல்லாம் மூடிக் கிடக்கிறது, இந்த வருஷம் ஸ்லாவா இல்லை என்று வுகாஷின் சொல்லிவிட்டான். ஹோட்டல் செலவு தன்னுடையது, மறுநாள் காலையில் அங்கேயே வந்து பார்க்கிறேன் என்றான். இவானிட்சா ஊர் மரமில்லில் வேலை பார்க்கும் ராடோயேவுக்கு அந்த நாட்களுக்கு லீவு கிடைத்ததே பெரிய காரியம். அதனால் சொன்ன நாளில் புறப்பட்டு வந்துவிட்டான்.

மதியம் ரொட்டி வாங்கலாம் என்று இருவரும் கீழே இறங்கினார்கள். வரவேற்பு மேசையில், மணிக்கும் சாவிப் பலகைக்கும் நடுவே, ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சர்க்கரை தூவிய கோதுமைத் தட்டு. டியூட்டியில் இருந்த ஸ்தானியா தன் வீட்டு ஸ்லாவாவை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு லாரி டிரைவர்கள் தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டு, ஆளுக்கொரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு போனார்கள். இவர்களுக்கும் நீட்டினாள். ஸ்லாவாவுக்கு யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று விசாரித்தாள். ராடோயே வெள்ளையடிக்கும் கதையைச் சொன்னான்.

ஸ்தானியாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "வெள்ளையடிக்கிறதுக்காக ஸ்லாவாவ நிறுத்துவாங்களா? ரொட்டி கெடைக்காத வருஷத்துலகூட எங்கம்மா வெறும் மெழுகுவர்த்திய ஏத்தினாங்க. வீட்ல சாவு விழுந்தா மட்டுந்தான் விருந்து இருக்காது..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ராடோயே தேசாங்காவைப் பார்த்தான். வுகாஷினின் மனைவி லியுபிங்காவுக்குக் கோடையில் ஏதோ ஆபரேஷன் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். அவள்தான் போய்விட்டாள். கல்யாணம் வைத்திருப்பவனிடம் சாவைச் சொல்லக் கூடாதென்று வுகாஷின் எல்லாவற்றையும் தன் நெஞ்சுக்குள்ளேயே போட்டுப் பூட்டியிருக்கிறான். துக்கத்திலும் இவர்களுக்கு அறை பிடித்துக் கொடுத்திருக்கிறான், பாவி மனுஷன். நினைக்க நினைக்க ராடோயேவுக்குக் கண் நிறைந்தது. இப்படியொரு கூம் யாருக்குக் கிடைப்பான்?

தேசாங்கா ஸ்தானியாவிடம் ஒரு கறுப்புத் தலைத்துணி இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டாள். குடுவையை அறையிலேயே வைத்துவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் அவள் அழுதாள். கட்டிலைக் குறை சொன்னேனே என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

வுகாஷின் வீட்டு மாடிப்படியிலேயே மீன் வறுவல் வாசனை மூக்கைத் துளைத்தது. கதவு விரியத் திறந்திருந்தது. நடையில் கால் வைக்க இடமில்லாமல் நல்ல நல்ல கோட்டுகள், காலணிகள். சுவரில் பழைய பெயிண்டு அப்படியே இருந்தது. நீலப் பட்டு உடையில், காதில் முத்துத் தொங்க, லியுபிங்கா எதிரே வந்தாள்.

"உசுரோட இருக்கியாடி!" என்று தேசாங்கா பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். உள்ளே சிரிப்புச் சத்தம் நின்றது. லியுபிங்கா மரக்கட்டை மாதிரி நின்றாள். பிறகு பட்டில் கண்ணீர் படாதபடி மெல்ல அவளை விலக்கினாள்.

வுகாஷின் வெளியே வந்து அறைக் கதவைத் தன் முதுகால் மூடினான். பத்துப் பேர் உட்கார்ந்த மேசையை அதற்குள் ராடோயே பார்த்துவிட்டான். அந்தப் புனிதரின் படத்துக்குக் கீழே, வலப்பக்கம், முன்பெல்லாம் ராடோயேவின் அப்பா உட்கார்ந்த இடத்தில், யாரோ ஒரு வழுக்கைத் தலையர் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க கம்பெனி எம்.டி. வந்திருக்காரு, கூம். அமைச்சக ஆளுங்களும் இருக்காங்க. நீங்க வந்தா உங்களுக்கே சங்கடமா இருக்குமேன்னுதான்..." வுகாஷின் மென்று விழுங்கினான்.

சோப்பும் கட்டிலும் அந்த ரவுண்டானாவும் ஏன் என்று இப்போது ராடோயேவுக்கு விளங்கியது. உபசாரம் என்று அவன் பூரித்துப்போனது அத்தனையும், அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திவைக்கக் கொடுத்த வாடகை.

"குடுவை கொண்டாந்திருக்கியா? குடு, இங்கயே ஒரு வாய் குடிச்சிடறேன்," என்று வுகாஷின் கையை நீட்டினான். ஒரு காது கதவுக்குப் பின்னால் இருந்தது.

"சாவு வீட்டுக்குக் கல்யாணக் குடுவையத் தூக்கிட்டு வருவாங்களா, கூம்?" என்றான் ராடோயே.

"எந்தச் சாவு? யாரு செத்தா?"

ராடோயே மனைவி பக்கம் திரும்பினான். அப்போதுதான் வுகாஷினின் கண் தேசாங்காவின் கறுப்புத் துணிமேல் விழுந்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. உள்ள வாங்க, வந்தவங்கள அனுப்பக் கூடாது என்று தடுமாறினான். ராடோயே உள்ளே இருந்த புனிதரின் படத்தை நினைத்துச் சிலுவை போட்டான், வீட்டுக்கு நல்ல நாளாக இருக்கட்டும் என்று வழக்கமான வாழ்த்தைச் சொன்னான். மனைவியின் கையைப் பிடித்துப் படியிறங்கினான். யாரும் பின்னால் வரவில்லை.

காலையில் கூம் வருவதாகச் சொன்னதற்கு அவர்கள் காத்திருக்கவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கே துணிகளை அடைத்துக்கொண்டிருந்தபோது ஓப்ரென் போன் செய்தான்.

"என்னப்பா, கூம் குடிச்சாரா?" குரலில் அத்தனை குதூகலம்.

ராடோயே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தேசாங்கா கட்டிலில் உட்கார்ந்து, இரவல் துணியைக்கூடக் கழற்றாமல், மகன் போட்ட முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். சிவப்பு நாடா சுலபத்தில் அவிழவில்லை.

"வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்கடா," என்றான் ராடோயே. "சாமானெல்லாம் மூடிப் போட்டிருக்காங்க. உள்ள கால் வைக்க எடமில்ல."