ஏழு என்றால் எந்த ஏழு

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நின்ற குதிரை உயர எல்க் மான் கடா ஒன்றைத் திட்டியே இந்தப் பக்கம் இழுத்து வந்தவன் நான். கயிறு இல்லை, ஊதுகுழல் இல்லை, வாய் மட்டும். எங்கள் ஊர் பைன்டேலில் இதை யாரும் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் என் கோபத்தை மட்டும் நம்பிவிடுங்கள். அது முழுக்க உண்மை.

மலைச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வொரு பனிக்காலமும் நான் தள்ளிய பனியைக் குவித்தால் இன்னொரு மலைத்தொடர் வந்திருக்கும். மேலே இருக்கும் வேட்டைப் பகுதியில் ஒரு கடா சுட அனுமதிச் சீட்டு கேட்டு ஆண்டுதோறும் குலுக்கலுக்கு எழுதிப் போடுவேன், ஆண்டுதோறும் விழாது. போன கோடையில் விழுந்தது. அதே வாரம் மருத்துவர் என் வலது தோளை அமுக்கிப் பார்த்தார். குளிர்காலத்தில் அறுத்து உலோக மூட்டு வைத்தாக வேண்டும், அதற்குப் பிறகு பெரிய துப்பாக்கியை மறந்துவிடுங்கள் என்றார். ஒரு சீட்டு, ஒரு இலையுதிர்காலம், ஒரு கடா. என்னிடம் மிச்சம் அவ்வளவுதான்.

ஆகவே எனக்கென்றே ஒரு துப்பாக்கி செய்யச் சொன்னேன். பள்ளத்தாக்கைத் தாண்டி அடிக்கிற நீளக் குழல், என் கழுத்து நீளத்துக்கு ஏற்ற, தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை. அதைச் செய்த லேன் என்பவர் கேட்டது ஒன்றுதான்: "எந்தத் தோட்டாவுக்கு?" குழலில் தோட்டா உட்காரும் அறையை ஒரு வகைக்குக் குடைந்தால் வேறு வகை அதில் நுழையாது. எனக்குக் கல்யாணம் பேசியபோதுகூட இந்த ஊரில் இத்தனை பேர் கருத்துச் சொல்லவில்லை. எல்லாரையும் மிஞ்சியவன் என் மனைவி ட்வைலாவின் தம்பி ட்வெயின்.

"முந்நூறுன்னு பெரிய தோட்டா இருக்கே, அதைப் போடு," என்றான், காபிக்கடையில் என் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே.

"அந்த உதைக்குத் தோள் உடைஞ்சிடும்டா."

"எப்படியும் அறுக்கத்தானே போறாங்க? டாக்டருக்கு பாதி வேலை மிச்சம்."

"என் தோளு, என் சீட்டு. ஏழு மில்லிமீட்டர்தான். புதுசா வந்திருக்கே, அந்த ஏழு."

ட்வெயின் முகம் பீட்ரூட் ஆனது. "எங்கப்பா சுட்டது ஏழு. நான் சுடறது ஏழு. புது ஏழு, பழைய ஏழுன்னு உலகத்துல ரெண்டு ஏழு கிடையாது, ஆர்வில்!"

"இருக்குடா முட்டாளே! குண்டு ஒரே அகலம், பித்தளைக் கூடு வேற. புதுசுல நீளமான குண்டு போடலாம், காத்து தள்ளாது."

"காத்து உன் மூளையைத் தள்ளிட்டுப் போயிடுச்சு."

பிஸ்கட்டுக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த குழம்பை அவன் தொப்பியில் ஊற்றினேன். ஊற்றவில்லை என்று ட்வைலா சொல்வாள். ஊற்றப் போனேன், அதுவும் ஊற்றியது போலத்தான்.

லேன் புது ஏழுக்கே குடைந்தார். கூடவே தந்த தோட்டாக்களில் குறி சரிபார்த்தேன். தேன் மாதிரி சுட்டது. தோளும் பொறுத்துக்கொண்டது. வேட்டைக்கு வேண்டிய இரண்டு பெட்டிகளை, ராக் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குப் போகிற ட்வெயினிடம் வாங்கிவரச் சொன்னேன். "ஏழு, ஞாபகம் இருக்கட்டும்," என்றேன். "ஏழை மறப்பேனா?" என்றான். பெட்டியைத் திறந்து பார்க்காமல் பையில் போட்டது என் தப்பு என்று அவன் இன்றைக்கும் வாதாடுகிறான்.

அக்டோபரில் நானும் ட்வெயினும் மேலே ஏறினோம். விடிந்ததும் எதிர்ச் சரிவில் நின்றது கடா. கொம்பு என்றா சொல்வது? இரண்டு காய்ந்த மரங்களைப் பிடுங்கித் தலையில் வைத்த மாதிரி. எண்ணூறு கஜம். இந்தத் துப்பாக்கி பிறந்ததே இதற்குத்தான். படுத்தேன், பெட்டியைப் பிரித்தேன், தோட்டாவை உள்ளே தள்ளினேன். தோட்டாவை உள்ளே அடைக்கும் போல்ட் மூடவில்லை. இன்னொன்றைத் தள்ளினேன், அதுவும் மூடவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.

பழைய ஏழு. இரண்டு பெட்டியும்.

சட்டைப்பையைத் துழாவியதில் குறி பார்த்தபோது மிஞ்சிய புதுத் தோட்டா ஒன்றே ஒன்று கிடைத்தது. பள்ளத்தாக்கில் காற்று முறுக்கிக்கொண்டிருந்தது. தப்பினால் அடுத்தது கிடையாது. காயப்பட்டு ஓடினால் அதைவிட மோசம். அத்தனை வருடக் காத்திருப்பும் அந்தத் தடியன் வாங்கிவந்த அட்டைப்பெட்டியில் போயிற்று. நான் எழுந்து நின்றேன்.

"ஏஏஏஏழுன்னா எந்த ஏஏஏஏழுடா!"

"கத்தாதே, ஓடிடும்!" என்றான் ட்வெயின்.

"ஓடட்டும்! நீயும் ஓடு! உன்னைத்தான் முதல்ல சுடணும், ஆனா உனக்குப் போட சீட்டு இல்ல!"

என் பல்செட் அன்றைக்குத் தளர்வாக இருந்தது. 'ஏ' என்று இழுத்தபோதெல்லாம் கடைசியில் கீச்சென்று ஒரு சீழ்க்கை சேர்ந்துகொண்டது. இணைசேரும் பருவம் முடிகிற நேரம், கடாக்கள் இப்படித்தான் கூவிச் சீழ்க்கையடித்து ஒன்றையொன்று சண்டைக்கு அழைக்கும். எதிர்ச் சரிவிலிருந்து அதே 'ஏ', அதே சீழ்க்கை திரும்பி வந்தது. தன் பெட்டைகளைக் கவர வந்த எவனோ என்று கடா என்னை நினைத்துவிட்டது.

நான் நிறுத்தவில்லை, நிறுத்த முடியவும் இல்லை. ட்வெயினின் அப்பாவைத் திட்டினேன், அவர் சுட்ட ஏழைத் திட்டினேன். கடா ஓடையைத் தாண்டி, பைன் கன்றுகளை முறித்துக்கொண்டு, கண் சிவக்க மேலே வந்தது. ட்வெயின் பாறைக்குப் பின்னால் தவழ்ந்தான். மிஞ்சிய ஒரே தோட்டாவைப் போட்டேன். துப்பாக்கி மேலிருந்த தொலைநோக்கிக்குள் வெறும் கடா மயிர்தான் தெரிந்தது, அவ்வளவு பக்கம். கண்ணாடியை விட்டுவிட்டுக் குழல் வழியே பார்த்து அமுக்கினேன். அது நின்ற இடத்திலேயே விழுந்தது.

நாலு நாள் கழித்துக் காபிக்கடைக்குப் போனால் ட்வெயின் எனக்கு முன்னால் கதை சொல்லிக்கொண்டிருந்தான். எண்ணூறு கஜமாம், ஒரே குண்டாம். காற்றைக் கணித்துச் சொன்னது அவனாம்.

"பொய்!" என்றேன். "நான் கத்தினேன், அது வந்துச்சு."

சுற்றிலும் சிரிப்பு. "உன்னைப் பெருமையாத்தானே சொல்றான், ஆர்வில்," என்றாள் காபி ஊற்றிய போனி.

"அவன் காப்பாத்தறது என் பெருமையை இல்ல, ரெண்டு பெட்டியை! அது என் கடா. என் வாயால வந்தது."

"கத்தினா எல்க் வருமா? தூரத்துலதான் அடிச்சான்," என்றான் ட்வெயின், கோப்பையைப் பார்த்தபடி.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. மேசையில் அடித்தேன். "தூரமா? அதோட மூச்சு என் கண்ணாடியை மூடிச்சு! அது என் மூக்கை நக்கிச்சு! உன்னைப் பார்த்துக் கண்ணடிச்சுது!"

"நக்கல!"

"ரெண்டு தடவை நக்கிச்சு! அப்புறம் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு!"

ட்வெயின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "எவ்வளவு புளுகுவே, கிழவா? நக்கவே இல்ல! ஒரு பிக்கப் வண்டி நீளம் தள்ளி நின்னுச்சு, பாறைக்குப் பின்னாலருந்து நான் பார்த்தேன்! நீ கத்தினே, அது வந்துச்சு, பெட்டியை மாத்தி வாங்கினது நான்தான், போதுமா?"