முதுகுக்குப் பின்னால் ஆறு

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். பதினோரு ஆண்டுகளாக முன்கண்ணாடி வழியே வரப்போவதைப் பார்த்துப் பார்த்தே பிழைத்தவள். துடுப்புப் படகில் ஏறிய முதல் நாளே அவளை மிரட்டியது தண்ணீர்கூட அல்ல. போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்றதுதான்.

“இது என்னங்க அநியாயம்? போற இடத்தைப் பாக்காம எப்படிப் போறது?”

“சாஞ்சு இழுத்தாத்தான் பலம் வரும். வழி பாக்க நான் இருக்கேன்ல?” என்றாள் தச்சர்.

படகுக் கொட்டகையில் எல்லாருக்கும் அவள் தச்சர்தான். மற்ற நாட்களில் கதவு, ஜன்னல் செய்பவள். சனிக்கிழமை காலையில், ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் அந்தத் தகரக் கொட்டகைக்கு வந்து மரப்படகுகளைச் செப்பனிடுவாள். புதிதாக வருபவர்களுக்குத் துடுப்பு போடவும் சொல்லிக் கொடுப்பாள். ஓட்டுநரின் வயதுதான் இருக்கும். படகின் பின்முனையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, துடுப்பு போடுபவர்களைப் பார்த்தபடி உட்காருவாள்.

ஓட்டுநரை அங்கே இழுத்து வந்தது அவளுடைய நாத்தனார். போன மழையில் ரயில் பாதைக்கு அடியில் உள்ள சுரங்கச் சாலையில் பேருந்து நின்றுபோய், இருக்கை வரை தண்ணீர் ஏறிவிட்டது. இருபத்து மூன்று பயணிகளையும் ஜன்னல் வழியே வெளியேற்றிவிட்டு, கடைசியாகத்தான் ஓட்டுநர் வெளியே வந்தாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் அன்றிலிருந்து, தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போதுகூட அவளால் கண்ணை மூட முடியவில்லை. சோப்பு எரிந்தாலும் திறந்தே வைத்திருப்பாள்.

நாத்தனாருக்கு ரொட்டிக்கடையில் வேலை. ஓயாமல் பேசுவதால் வீட்டில் வைத்த பெயர் வானொலி. அண்ணியைக் கேட்காமலேயே கொட்டகையில் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

“முள்ளை முள்ளாலதான் அண்ணி எடுக்கணும்.”

“முள்ளு சரி. இது ஆறுடி!”

மூன்று சனிக்கிழமைகள் கரையோரமாகவே போனார்கள். ஒவ்வொரு முறையும் பலகை இடுக்குகளில் தண்ணீர் கசிந்து காலடியில் தேங்கியது. மரம் ஊறி உப்பினால் இடுக்கு தானே அடைபட்டுவிடும் என்றாள் தச்சர். ஓட்டுநர் தலையாட்டினாள்; கண் மட்டும் அந்த ஈரத்தை விட்டு நகரவில்லை. ஒரு விரல் கனப் பலகை, அதற்குக் கீழே அவ்வளவு ஆழம்.

நான்காவது சனிக்கிழமை பாலம் வரை போகலாம் என்றாள் தச்சர். மூடுபனி முழுதாக விலகியிருக்கவில்லை. ஓட்டுநர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் படகு கரையை விட்டிருந்தது. தச்சருக்கு எதிரே ஓட்டுநர். அவள் முதுகுக்குப் பின்னால் வானொலி. ஆளுக்கு இரண்டு துடுப்பு.

“மணிக்கட்டை மடக்காதீங்க. இப்படி, நேரா,” என்று தச்சர் குனிந்து ஓட்டுநரின் கையைத் திருத்தினாள். பிறகு நிமிர்ந்து ஆற்றைப் பார்த்தாள்.

அந்த முகத்தை ஓட்டுநர் முன்பே பார்த்திருக்கிறாள். சுரங்கச் சாலையில், பேருந்தின் உள்கண்ணாடியில், இருபத்து மூன்று பேருக்கும் இருந்த முகம்.

“இழுங்க,” என்றாள் தச்சர். குரலே எழும்பவில்லை. “ரெண்டு பேரும் இழுங்க. திரும்பிப் பாக்காதீங்க.”

சொன்ன பிறகு யார் பார்க்காமல் இருப்பார்கள்? வானொலி திரும்பிவிட்டாள். “ஐயோ அண்ணி! வீடு மாதிரி வருது!”

அவளுடைய துடுப்பு ஆழத்தில் மாட்டிக்கொண்டது. அதன் பிடி நெஞ்சில் மோத, மல்லாக்க விழுந்தாள். துடுப்பு ஒன்று ஆற்றோடு போனது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வானொலியிடமிருந்து சத்தமே இல்லை.

நீளமாக ஒரு ஹாரன். உட்கார்ந்திருந்த பலகையே அதிர்ந்தது. என்ன வருகிறது, எவ்வளவு பக்கத்தில் என்று ஓட்டுநருக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் தச்சரின் கண்கள் மேலே, இன்னும் மேலே உயர்ந்துகொண்டே போனதுதான். காலை ஊன்றி இழுத்தாள். உயிர் போகிற மாதிரி இழுத்தாள். தச்சர் சுக்கானை முழுதாகத் தள்ள, படகு கரைப் பக்கம் திரும்பியது.

வெளிச்சம் மறைந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் துருப்பிடித்த இரும்புச் சுவர் ஒன்று போய்க்கொண்டே இருந்தது. மணல் ஏற்றிய கப்பல். அவளுடைய துடுப்பின் நுனி அதில் உரசிச் சடசடவென்று பிளந்தது. கப்பல் தாண்டியதும் அலை வந்து படகுக்குள் விழுந்தது.

இடுப்பு வரை தண்ணீர். குளிர்ந்த, பழுப்பு நிறத் தண்ணீர்.

தச்சர் சுக்கானைப் பிடித்தபடி கல்லாய்ச் சமைந்திருந்தாள். பின்னால் வானொலி முனகிக்கொண்டே எழப் பார்த்தாள், படகு சாய்ந்தது.

“யாரும் எந்திரிக்காதீங்க! உக்காருங்க!”

கத்தியது தான்தான் என்று ஓட்டுநருக்கு அப்புறம்தான் உறைத்தது. மிதந்து வந்த தகர டப்பாவைப் பிடித்து அள்ளி ஊற்றத் தொடங்கினாள். அள்ள அள்ளக் குறையவே இல்லை. ஆனால் மரம் மரம்தானே, மூழ்கவும் இல்லை. தொலைவில் கப்பல் நின்று, அதிலிருந்து ஒரு மோட்டார் படகு வந்து அவர்களைக் கரைக்கு இழுத்துப் போகும்வரை அள்ளிக்கொண்டே இருந்தாள். கரையில் டப்பாவை அவள் விரல்களிலிருந்து பிரித்து எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

வானொலிக்கு விலா எலும்பில் விரிசல். “சிரிச்சாத்தான் அண்ணி வலிக்குது. பேசினா ஒண்ணும் இல்லை,” என்றாள். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது துரதிர்ஷ்டம்.

மறுநாள் தச்சர் ஓட்டுநரின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“தப்பு என்னோடது. உங்க கையைப் பாத்தேன், ஆத்தைப் பாக்கலை. இனிமே யாருக்கும் சொல்லிக் குடுக்கப் போறதில்லைங்க.”

பரவாயில்லை என்று சொல்ல ஓட்டுநருக்கு வாய் வரவில்லை. “ஆமா, உங்க தப்புதான்,” என்றாள். சற்றுக் கழித்து, “வாங்க, உள்ள வந்து உக்காருங்க,” என்றாள். தச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

ஒரு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை ஓட்டுநர் தனியாகக் கொட்டகைக்குப் போனாள். தச்சர் பிளந்த துடுப்பை இழைத்துக்கொண்டிருந்தாள்.

“சுக்கான் பிடிக்கக் கத்துக்குடுங்க,” என்றாள் ஓட்டுநர். “நீங்க இழுங்க. நான் பாக்கறேன்.”

தச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இழைப்புளியைக் கீழே வைத்தாள்.

தெளிந்த காலை. ஓட்டுநர் பின்முனையில் போய் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தாள். இப்போது ஆறு முழுவதும் அவளுக்கு முன்னால் கிடந்தது. பார்த்தால் பயம் குறையும் என்று நினைத்திருந்தாள். கொஞ்சமும் குறையவில்லை. எதிரே, ஆற்றுக்கு முதுகைக் காட்டியபடி இழுத்துக்கொண்டிருந்த தச்சரின் முகமும் வெளிறியிருந்தது. அந்தக் கண்கள் இவள் முகத்தை விட்டு அகலவே இல்லை.

“என்ன தெரியுது?” என்றாள் தச்சர்.

“தண்ணிதான். வேற ஒண்ணும் இல்லை.” என்றாள் ஓட்டுநர். “ஆனா ரொம்ப இருக்குங்க. இன்னைக்கு இது போதும், கரைக்கே போயிருவோம்.”

“போயிருவோம்,” என்றாள் தச்சர் உடனே.