புவியியல் என்று சொன்னோம்

வைட்ஃபீல்டு ஐ.டி. கம்பெனி ஒன்றில் எங்களுக்கு வேலை, செயற்கைக்கோள் படங்களின் மேல் ஏரி, சாலை, கட்டடம் எல்லாம் வரைவது. அமெரிக்கக் கிளையண்டுடன் முதல் வீடியோ கால் தொடங்கும் முன் டீம் லீட் ப்ரஹ்லாத் எங்களை உட்காரவைத்தார்.

"எல்லாரும் பேரைச் சொல்லிட்டு இன்ஜினியர்னு சொல்லுங்க. ஜியாக்ரஃபின்னா ரேட்டைக் குறைச்சிடுவாங்க."

"நான் எம்.ஏ. ஜியாக்ரஃபி சார்," என்றாள் தருமபுரியிலிருந்து வந்த இளவேனில். அந்த வாரம்தான் அவள் வேலை நிரந்தரமாக வேண்டும்.

"யாரும்மா இல்லேன்னது? ஸ்வல்ப நேரம் மறந்துடு. கன்ஃபர்மேஷன் வேணுமில்ல?"

"நீங்க உங்க பி.இ.யை மறப்பீங்களா சார்?"

கால் தொடங்கியது. எனக்கு முன்னால் மூன்று பேர் இன்ஜினியர் என்றார்கள். அதில் ஒருவன்தான் உண்மையில் இன்ஜினியர். இளவேனில் கேமராவைப் பார்த்து, புவியியல் முதுகலை என்று நிறுத்திச் சொன்னாள். ப்ரஹ்லாத் தன் மைக்கை அணைத்துவிட்டு, "போச்சு உன் கன்ஃபர்மேஷன்" என்றார்.

அடுத்தது நான். கல்லூரியைப் பாதியில் விட்ட என்னையும் அவர் இன்ஜினியர் ஆக்கியிருந்தார்.

மைக்கைத் திறந்தேன். புவியியல் படித்தேன், முடிக்கவில்லை, இன்ஜினியரிங் கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை என்றேன்.