அந்த இடம்

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் "அந்த எடத்துல ஒரு கட்டி" என்று சொன்ன மறுநொடி, பவளம் பழையசீவரம் மலைப்படியில் நின்றாள். அவள் செருப்பு மட்டும் டாக்டர் ஜெனிஃபரின் மேசையடியிலேயே கிடந்தது. எங்கள் காவாந்தண்டலத்துக்கு இது புதிதில்லை. தொடை நடுவே மருவோ கொப்புளமோ எது வந்தாலும் ஆணும் பெண்ணும் "அந்த எடம்" என்றுதான் சொல்வோம். சொன்னவரை அந்தச் சொல் ஏதாவதோர் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். பவளத்தின் நாத்தனார் இப்படியே ஊர் ஊராகப் போய் விழுந்து, ஒரு டாக்டரும் பார்க்காமலே செத்துப்போனாள்.

இரண்டாம் முறை பவளம் ராஜகுளத்தில் போய் நின்றாள். கூட்டிவர மொபெட்டில் வந்த கணவன் வேதகிரி, "மானம் போவுது. வுட்டுடு, தானா அமுங்கிடும்" என்றான். "ஒங்கக்காவும் அப்டித்தான்யா போய்ச் சேந்தா" என்றாள் பவளம். அவன் மொபெட்டை ஊர்ப்பக்கம் திருப்பினான். வீட்டுக்கு வந்ததும் அவனுடைய ஷேவிங் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். பயமாக இருந்தது, அழுகை வந்தது, ஆனாலும் பார்த்தாள், விரலால் தொட்டும் பார்த்தாள். பிறகு தினமும் பம்ப் செட் ஓடும் சத்தத்தில் நின்று, பார்த்ததை உரக்கச் சொல்லிப் பழகினாள். முதலில் கால் தரையைவிட்டு எழும்பியது. போகப்போகத் தரையிலேயே ஊன்றி நின்றது.

மூன்றாம் முறை டாக்டர், "எந்த இடம்மா?" என்று கேட்டதும் பவளம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொம்பள உறுப்புல, வலது பக்க ஒதட்டுல, காராமணி சைசுல கீது. கெட்டியா கீது, வலி இல்ல. மேல புண்ணாயி மாசக்கணக்கா ஆறல, ரத்தம் கசியுது."

நாற்காலி ஒருமுறை ஆடியது. பவளம் அங்கேயே இருந்தாள். டாக்டர் பரிசோதித்து, துளி சதையெடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். புற்றுதான், ஆனால் ஆரம்பம். ஆபரேஷன் முடிந்து பவளம் நடந்து வந்த நாளில் வேதகிரி டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொல்லி, "என் பொண்டாட்டி நகரலடா!" என்று கத்தினான். எங்களுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது, மறைப்பானேன்.

இப்போது எங்கள் ஊரார் யாரும் ஆஸ்பத்திரியிலிருந்து காணாமல் போவதில்லை. வெளியூர்க்காரர்கள்தான் அடிக்கடி வெறுங்காலோடு எங்கள் கடலைக்கொல்லையில் வந்து நிற்கிறார்கள். போன வாரமும் ஒரு பெண் வந்து திருதிருவென்று விழித்தாள். களை பிடுங்கிக்கொண்டிருந்த பவளம் நிமிர்ந்து, தண்ணீர்ச் சொம்பை நீட்டி, "எந்த எடம்? பேரச் சொல்லு தாயி, அடுத்த பஸ்ல டாக்டர்கிட்டயே திரும்பிப் போலாம்" என்றாள்.