தட்டிப் பார்த்த பானை

எருத்தேன்பதிக்குத் தெற்கே, அந்தக் குயவர் ஊருக்குள் அர்த்தநாரியின் வண்டி நுழைந்தது. வாசலுக்கு வாசல் பச்சைப் பானைகள் காய்ந்தன. சூளைப் புகை கண்ணைக் கரித்தது. எதுவும் அவர் மனதில் ஏறவில்லை. விடிந்தால் இளையவள் ராமாத்தாளுக்குக் கல்யாணம். மணவறையில் நீர் நிரப்பி வைக்கிற அரசாணிப் பானையை வாங்கிப்போக வந்திருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் மூத்தவள் ராசம்மாள் கல்யாணத்தில் இதே ஊர்ப் பானைதான் பந்தலில் ஒழுகித் தொலைத்தது. தாலி ஏறியது, ஆனால் வருஷம் திரும்புமுன், ராசியில்லாதவள் என்று கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பானை ஒழுகினால் பெண் என்ன செய்வாள்? கேட்கத்தான் நாதியில்லை.

குயவர் செங்கோட்டையன் துணி விரித்துப் பானையை வைத்தார். வெள்ளையடித்துக் காவிக்கோடு இழுத்து, அம்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே? பாழாய்ப்போன கை சும்மா இருந்ததா? குனிந்து, மடக்கிய விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். கணீரென்றது.

"ஏனுங்க பண்ணாடி, என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க?" செங்கோட்டையன் முகம் வெளுத்துவிட்டது.

சந்தைப் பானையைத் தட்டி வாங்கலாம். கல்யாணப் பானையைத் தட்டினால் அதுவும் சந்தைச் சரக்குதான், பந்தலுக்கு ஆகாது. அர்த்தநாரிக்குத் தெரியாததா? பயம் எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது.

"நாம ரெண்டு பேருந்தானே இருக்கறோம், செங்கோட்டையா. ஆருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமுங்களே. அன்னைக்கு ஒழுகுனதும் எங்கையில செஞ்சதுங்க. அந்தப் புள்ள வாழாம வந்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. இதை ஒம்பது நாள் தண்ணி ஊத்திவெச்சுப் பாத்துட்டுத்தான் வெள்ளையடிச்சேன். அதைப் போயித் தட்டிப்போட்டீங்களே."

அர்த்தநாரி சூளைப் பக்கம் பார்த்தார். சூளையில் இருப்பது ஆற இரண்டு நாளாகும். செங்கோட்டையன் உள்ளே போய் வேறொரு பானையோடு வந்தார்.

"எம்பொண்ணு கல்யாணத்துக்குச் செஞ்சு வெச்சதுங்க. ஆனா தண்ணி ஊத்திப் பாக்கலீங்க."

வழிநெடுக அர்த்தநாரி அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது.

மறுநாள் பந்தலில் பானையை நிரப்பினார்கள். அர்த்தநாரி அதன் அடியையே பார்த்திருந்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மண்ணில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஈரம். பார்க்கப் பார்க்க உள்ளங்கை அளவு. ஐயோ, இவளுக்குமா? மாப்பிள்ளையின் அத்தை மயிலாத்தாள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

பந்தலுக்குள் வரக்கூடாது என்று அடுப்படியிலேயே நிறுத்தியிருந்த ராசம்மாள் விறுவிறுவென்று வந்தாள். பானையை ஒட்டி, அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இவளை ஆரு இங்க உட்டது?" என்றாள் மயிலாத்தாள்.

"எந்தங்கச்சி கல்யாணமுங்க. பாத்துட்டுப் போறேன்."

வாழாவெட்டிக்கு வந்த திமிரைப் பார் என்று ஆளாளுக்கு அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பானையை ஒருவரும் பார்க்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. சேலை நனைந்து ஊறிக்கொண்டிருக்க, தாலி ஏறும்வரை ராசம்மாள் அசையவில்லை.

அர்த்தநாரி அவளைப் பார்த்துக் கைகூப்பினார். மணமக்களுக்காகச் சாமியைக் கும்பிடுகிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டது.